106 ஜி.பி. காலியாக இருந்தும் "இடம் போதாது": ஓர் எடை மேடைக் கணினி பற்றிய நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலை. சம்பா அறுவடை முடிந்து நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற மாசி மாதத்தில், எடை மேடையில் இருந்த பழைய கணினி படுத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டு நின்றிருக்கிறது. நல்லவேளையாக யாரோ ஒருவர் அதிலிருந்து முடிந்தவரை கோப்புகளை எடுத்து, அவசரமாக வாங்கிய ஒரு செகண்ட் ஹேண்ட் கணினியில் போட்டுக் கொடுத்திருந்தார். 120 ஜி.பி. வட்டு, விண்டோஸ் எக்ஸ்பி, பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட் (கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பழைய வகைத் துளை). அந்தப் போர்ட்டுக்காகத்தான் இவ்வளவு பழைய கணினியைத் தேடிப் பிடித்தார்கள். எடை காட்டும் இண்டிகேட்டர் அதன் வழியாகத்தான் பேசும். அதன் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் ஒரே ஒரு சி.டி.யில் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

சி.டி.யைப் போட்டு செட்டப்பை ஓட்டினால், மூன்றாவது திரையில் ஒரு பெட்டி வருகிறது: சி டிரைவில் போதிய இடம் இல்லை, 64 எம்.பி. தேவை. 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் செட்டப் மூடிக்கொள்ளும். எவ்வளவு இடம் இருப்பதாக அது நினைக்கிறது என்பதை எங்கும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது இரண்டு நாள் ஓடியிருந்தது. எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். "தம்பி, இடம் இல்லேன்னு சொல்லுது. நானும் பழைய ஃபைலையெல்லாம் அழிச்சுப் பார்த்துட்டேன், அப்பவும் அதே பாட்டுதான்" என்றார். எதை அழித்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். உடைந்த வட்டிலிருந்து மீட்டுக் கொடுத்த கோப்புறையில் பாதியை. ரீசைக்கிள் பின்னுக்கும் போகாதபடி, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு.

அவர் மேல் ஒரு குறையும் இல்லை. இடம் போதாது என்று கணினி சொல்கிறது, அவர் இடம் செய்து கொடுத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். சரிபார்ப்பு பொய் சொல்லும்போது வரும் உண்மையான நஷ்டம் இதுதான். மென்பொருள் ஏறாமல் போவது ஒரு நாள் தொந்தரவு. அதை ஏற்றுவதற்காக மனிதர்கள் அழித்துவிடும் கோப்புகள் திரும்பி வராது.

முதல் அரை மணி நேரம்

போய்ப் பார்த்தேன். மை கம்ப்யூட்டரில் சி டிரைவ் 106 ஜி.பி. காலி என்று காட்டியது. இப்படிப்பட்ட இடத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. செட்டப் தன் கோப்புகளைத் தற்காலிகமாக விரிக்கும் டெம்ப் கோப்புறை வேறு ஏதாவது நிறைந்த டிரைவைக் காட்டுகிறதா? இல்லை, அதுவும் சி டிரைவில்தான். உள்நுழைந்திருப்பவருக்கு எழுதும் உரிமை இல்லையா? நிர்வாகிக் கணக்குதான். ஒரு பயனர் இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்று வட்டு ஒதுக்கீடு ஏதாவது போட்டிருக்கிறதா? போடவில்லை. நிறுவும் கோப்புறையை மாற்றிப் பார்த்தேன், சி டிரைவுக்குள் எங்கே காட்டினாலும் அதே பெட்டி.

அப்புறம்தான் பையில் இருந்த 1 ஜி.பி. பென் டிரைவைச் செருகி, நிறுவும் இடமாக அதைக் காட்டினேன். பெட்டி வரவில்லை. அடுத்த திரைக்குப் போய், "நிறுவலாமா?" என்று கேட்டது.

106 ஜி.பி. போதாது, 1 ஜி.பி.க்கும் குறைவானது போதும். இதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. செட்டப்பை ரத்து செய்தேன். ஆனால் அந்த இடத்திலேயே தொடரவில்லை. கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி, துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அழித்த கோப்புகள்தான் காரணம். கோப்பை அழித்தால் அதன் உள்ளடக்கம் உடனே மறைவதில்லை, அது இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காலி இடத்தில் ஏதாவது எழுதலாம். நான் மனதில் வைத்திருந்த வைத்தியமோ அந்த இடத்தில் ஒரு பெரிய கோப்பை உட்கார வைப்பது. மீட்பு முடியாமல் அதைச் செய்தால், கணக்குப்பிள்ளை அழித்ததை நானே நிரந்தரமாகப் புதைத்ததாக ஆகிவிடும்.

வட்டை யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக என் மடிக்கணினியில் மாட்டி, அதில் எதையும் எழுதாமல், ரெகுவா என்ற மீட்பு மென்பொருள் மூலம் அழிந்தவற்றை என் வட்டுக்கு எடுத்தேன். எடைப் பதிவுகள் இருந்த தரவுத்தளக் கோப்பு முழுதாக வந்தது, திறந்தும் பார்த்தேன். ஸ்கேன் செய்து வைத்திருந்த எடைச் சீட்டுகளில் சில மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் கணினி ஓடியதில் அவற்றின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டிருக்கிறது.

எண் எங்கே உடைகிறது

விண்டோஸில் ஒரு வட்டின் காலியிடத்தைக் கேட்கும் பழைய வழி, 'கெட் டிஸ்க் ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற அழைப்பு. அது பைட் கணக்கைத் தராது. வட்டின் சிறு துண்டு செக்டர், செக்டர்கள் சேர்ந்த தொகுதி கிளஸ்டர். ஒரு கிளஸ்டரில் எத்தனை செக்டர், ஒரு செக்டரில் எத்தனை பைட், எத்தனை கிளஸ்டர் காலி என்று தனித்தனி எண்களாகத் தரும். மூன்றையும் பெருக்கிக்கொள்ள வேண்டியது நிரல் எழுதுபவரின் வேலை. அந்தக் காலத்து நிரல்கள் பெருக்கலின் விடையை 32 பிட் எண்ணில் வைத்தன. 32 பிட்டில் 4,29,49,67,295 வரைதான் எண்ண முடியும், அதாவது 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேல் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பழைய மின் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதுபோல. முழுச் சுற்றுகள் கணக்கில் நிற்காது, மிச்சம் மட்டும் நிற்கும்.

இதோடு முடிந்திருந்தால் இந்த ஆலையில் பிரச்சினை வந்திருக்காது. 106 ஜி.பி.யை நாலு நாலாகக் கழித்தாலும் இரண்டு ஜி.பி.க்கு மேல் மிஞ்சுகிறது, கேட்டது வெறும் 64 எம்.பி. இரண்டாவது கோளாறு ஒன்று சேர்ந்துகொள்கிறது. அந்த 32 பிட் எண்ணைக் குறையெண்ணும் வரக்கூடிய வகையாக அறிவித்திருப்பார்கள். அப்போது மொத்த வீச்சில் கீழ்ப்பாதி நேர் எண், மேல்பாதி குறை எண். கடிகாரத்தில் 11 மணியை 'பன்னிரண்டுக்கு ஒன்று குறைவு' என்றும் படிக்கலாம் அல்லவா, அதே முள், அதே இடம், படிக்கும் முறைதான் வேறு. அதுபோல மிச்சம் 2 ஜி.பி.யைத் தாண்டினால் நிரல் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே போனதாகப் படிக்கும்.

வட்டு என் கையில் இருந்ததால் கணக்கைச் சரியாகவே போட முடிந்தது. காலியிடம் 114,56,82,53,440 பைட். அதில் 4 ஜி.பி.யின் 26 முழுச் சுற்றுகளைக் கழித்தால் மிஞ்சுவது 2,89,91,03,744. இது 2 ஜி.பி.க்கு மேல். ஆகவே செட்டப் கண்ட எண் −1,39,58,63,552. ஏறத்தாழ மைனஸ் 1,331 எம்.பி. 64-ஐ விடக் குறைவுதான், இடம் போதாதுதான்.

கணக்குப்பிள்ளை அழித்தது சுமார் 600 எம்.பி. அழிப்பதற்கு முன் மிச்சம் 2.1 ஜி.பி., அழித்த பின் 2.7 ஜி.பி. இரண்டுமே கெட்ட பாதியில் விழுகின்றன. அதனால்தான் எதுவும் மாறவில்லை. இதில் என்னைக் கலங்க வைத்தது இன்னொன்று. அவர் மேலும் 1.4 ஜி.பி. அழித்திருந்தால் மிச்சம் ஒரு சுற்று முடிந்து, பூஜ்யத்தைத் தாண்டி, 100 எம்.பி.க்கு வந்திருக்கும். செட்டப் ஓடியிருக்கும். அழித்ததால்தான் சரியாயிற்று என்று அவரும் நம்பியிருப்பார், ஆலையில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். அடுத்த முறை இன்னும் தாராளமாக அழித்திருப்பார்கள்.

அந்த நிரலை எழுதியவரை நான் திட்ட மாட்டேன். விண்டோஸ் 95 வெளிவந்தது 1995 ஆகஸ்ட்டில். அன்று அதில் இருந்த ஃபேட்16 கோப்பு முறையில் ஒரு பகிர்வு (வட்டைப் பிரித்த ஒரு பகுதி) 2 ஜி.பி.க்கு மேல் இருக்கவே முடியாது. பெரிய பகிர்வுகளை ஏற்கும் ஃபேட்32, அடுத்த ஆண்டு 95-இன் ஓ.எஸ்.ஆர்.2 என்ற திருத்திய பதிப்போடுதான் வந்தது. பெரிய எண்களைச் சரியாகத் தரும் 'கெட் டிஸ்க் ஃப்ரீ ஸ்பேஸ் இ.எக்ஸ்.' அழைப்பும் அந்தப் பதிப்பிலிருந்துதான் 95-க்குக் கிடைத்தது. பழைய நிரல்கள் குழம்பக் கூடாது என்று, 95 வகை விண்டோஸ்கள் பழைய அழைப்புக்கு 2 ஜி.பி.க்கு மேல் ஒருபோதும் பதில் சொன்னதில்லை. வட்டு எவ்வளவு பெரிதானாலும் அடக்கியே சொல்லின. விண்டோஸ் என்.டி. என்ற வேறு கிளையின் வழி வந்த எக்ஸ்பி அப்படி அடக்குவதில்லை, இருப்பதை உள்ளபடியே சொல்லிவிடும். பழைய நிரலும் எக்ஸ்பியும் தனித்தனியே தத்தம் வேலையைச் செய்தன. இரண்டும் சேர்ந்த இடத்தில் கணக்கு உடைந்தது.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை

கணக்கு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே அதை நம்பிவிடக் கூடாது. என் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலி செய்யும் மென்பொருள்) 20 ஜி.பி. வட்டோடு ஓர் எக்ஸ்பியை நிறுவி, அதில் அந்த சி.டி.யை ஓட்டினேன். எக்ஸ்பியோடு வரும் 'எஃப்.எஸ். யூட்டில்' கட்டளையால் வேண்டிய அளவில் வெற்றுக் கோப்பு ஒன்றை நொடியில் உருவாக்கலாம். அதை வைத்துக் காலியிடத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன்.

1.9 ஜி.பி. காலியாக இருந்தபோது செட்டப் சம்மதித்தது. 2.1-இல் மறுத்தது. 3.9-லும் மறுத்தது. 4 ஜி.பி.க்கு மேல் 30 எம்.பி. மட்டும் வைத்தபோதும் மறுத்தது. இந்த முறை குறையெண் இல்லை, மிச்சம் 30 எம்.பி., கேட்பது 64, அதனால். 4.2-இல் சம்மதித்தது. 6.1-இல் மீண்டும் மறுப்பு. ஆறு இடத்திலும் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்த பதில்தான் வந்தது. அதன் பிறகுதான் எனக்கு நிம்மதி.

அதே விர்ச்சுவல் கணினியில் வேறொரு வழியையும் சோதித்தேன், அது நல்லதாயிற்று. செட்டப் கோப்பின் பண்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' தாவலுக்குப் போய் விண்டோஸ் 95 என்று தேர்ந்தெடுத்தால், எக்ஸ்பி அந்த நிரலுக்கு மட்டும் பழைய நடத்தைகளைப் போலி செய்யும். காலியிடத்தை 2 ஜி.பி.க்குள் அடக்கிச் சொல்வதும் அதில் ஒன்று. வட்டில் எதையும் எழுத வேண்டாம், பல பழைய மென்பொருளுக்கு இதுவே போதும், நானும் வழக்கமாக இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த முறையில் பதிப்பு எண்ணும் 95 என்றே சொல்லப்படும். நம் செட்டப் அதை நம்பி, சீரியல் போர்ட்டுக்கு 95-க்கான வி.எக்ஸ்.டி. வகை டிரைவரை, அதாவது கருவியோடு பேசும் நிரலை, கொண்டுவந்து வைத்தது. எக்ஸ்பியில் அந்த வகை வேலை செய்யாது. நிறுவல் வெற்றி என்று திரை சொல்லும், எடை மட்டும் வராது. ஆலையில் நேரடியாக இதைச் செய்திருந்தால் கேபிளையும் இண்டிகேட்டரையும் குடைந்துகொண்டு இன்னொரு நாள் போயிருக்கும்.

மறுநாள் காலை

வட்டைத் திரும்ப மாட்டினேன். மீட்ட கோப்புகளை முதலில் அதன் பழைய இடத்தில் வைத்தேன், ஒரு பிரதியைப் பென் டிரைவில் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். இப்போது மிச்சம் மறுபடி 2.1 ஜி.பி. 'எஃப்.எஸ். யூட்டில்' கொண்டு சரியாக 1 ஜி.பி.க்கு, அதாவது 1,07,37,41,824 பைட்டுக்கு, ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கினேன். மிச்சம் 1.1 ஜி.பி.க்கு இறங்கியது. நல்ல பாதியின் நடுவில், இரண்டு ஓரத்துக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்றே அந்த அளவு.

செட்டப்பை ஓட்டினேன். மூன்றாவது திரை எதுவும் பேசாமல் கடந்தது. பத்து நிமிடத்தில் மேடையில் நின்ற லாரியின் எடை திரையில் வந்தது.

வட்டை நிரப்பியதும் இடம் இருக்கிறது என்கிறதே, இது எப்படித் தம்பி என்று கணக்குப்பிள்ளை கேட்டார். கடிகார உதாரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் அழிச்சது வீண்தானா?" என்றார். ஆமாம் அண்ணே என்று சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது.

வழக்கமாக நிறுவல் முடிந்ததும் வெற்றுக் கோப்பை அழித்துவிடலாம். இங்கே அழிக்கவில்லை. அந்த மென்பொருள் தினமும் மாலையில் காப்புப் பிரதி எடுக்கும்போதும் அதே சரிபார்ப்பைச் செய்கிறது என்பதை விர்ச்சுவல் கணினியில் பார்த்திருந்தேன். அங்கே அது மறுத்தால் செய்தி ஒரு நொடி தோன்றி மறையும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே காலியிடத்தின் மிச்சத்தையே நல்ல பாதியில் கட்டிப்போட வேண்டியிருந்தது. விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் தன் இஷ்டத்துக்குப் பல ஜி.பி. எடுத்துக்கொள்ளும், அதை நிறுத்தினேன். நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைக்கும் பேஜ் ஃபைலின் அளவைக் கூடாமல் குறையாமல் நிலையாக வைத்தேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு ஆதரவு இல்லை, இந்தக் கணினி இணையத்திலும் இல்லை, ஆகவே அப்டேட்டுகள் வந்து இடத்தை அசைக்கப் போவதில்லை. எடைப் பதிவுகள் மாதத்துக்குச் சில எம்.பி.தான் வளர்கின்றன.

வேறு சட்டைகளில் இதே கோளாறு

இது எக்ஸ்பியோடு செத்துப்போன விஷயம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் சர்வர்களில் எனக்கு இது வேறு வடிவில் வந்திருக்கிறது. ஒரு நிறுவல் ஸ்கிரிப்ட், வட்டு நிலவரத்தைக் காட்டும் 'டி.எஃப்.' கட்டளையின் விடையில் இரண்டாவது வரி, நாலாவது பத்தியை எடுத்துக் காலியிடமாக வைத்துக்கொள்ளும். சென்ட் ஓ.எஸ். 6 போன்ற பழைய லினக்ஸ் பதிப்புகளில் எல்.வி.எம். (வட்டுகளைச் சேர்த்துப் பிரிக்கும் முறை) வட்டின் பெயர் நீளமாக இருந்தால் டி.எஃப். அந்தப் பெயரை ஒரு வரியிலும் எண்களை அடுத்த வரியிலும் மடித்துப் போடும். இரண்டாவது வரியில் பெயர் மட்டும்தான் இருக்கும், நாலாவது பத்தியே இருக்காது, ஸ்கிரிப்ட் வெறுமையைப் படித்து இடம் இல்லை என்று நின்றுவிடும். டி.எஃப்.-க்குப் பெரிய எழுத்து 'பி' விருப்பத்தைக் கொடுத்தால் மடிக்காது. ஸ்கிரிப்ட்டில் அந்த ஓர் எழுத்தைச் சேர்த்தாலே தீர்ந்துவிடும்.

சரிபார்ப்பு உண்மையைச் சொல்லி, நாம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதும் உண்டு. செட்டப் விரியும் டெம்ப் கோப்புறை தனிச் சிறு பகிர்வாக இருக்கலாம். ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்கள்) தீர்ந்திருக்கலாம், அப்போது ஜி.பி. கணக்கில் பாதி காலி, ஆனால் ஒரு புதுக் கோப்புக்கும் இடமில்லை. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறை வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கு ஒதுக்கி வைக்கும், சாதாரணப் பயனருக்கு அது காலியிடமே இல்லை.

எதிர்த்திசையில் தவறினால் இன்னும் மோசம். 2021 தொடக்கத்தில் மேக் ஓ.எஸ். பிக் சர் மேம்பாட்டில் அது நடந்தது. அந்த மேம்பாட்டுக்குச் சுமார் 35 ஜி.பி. காலியிடம் தேவை. நிறுவல் நிரல் அது இருக்கிறதா என்று சரியாகப் பார்க்காமலே வேலையைத் தொடங்கியது. நடுவழியில் இடம் தீர்ந்த மேக்குகள் முன்னேவும் போக முடியாமல் பின்னேவும் வர முடியாமல் மறுதொடக்கச் சுழலில் மாட்டின. மேக்கின் ஃபைல்வால்ட் வசதியால் குறியாக்கம் செய்து வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் கோப்புகளை எடுப்பதே பெரும்பாடாயிற்று. அந்த பிப்ரவரியில் 11.2.1 நிறுவல் நிரலை ஆப்பிள் திருத்தி வெளியிட்ட பிறகுதான் சரிபார்ப்பு ஒழுங்காயிற்று. ஆகவே "அந்தச் சரிபார்ப்பையே தூக்கிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லினக்ஸில் மென்பொருளை நிறுவும் ஆர்.பி.எம்.-இல் அளவைப் புறக்கணி என்று ஒரு விருப்பம் இருக்கிறது. வட்டைக் கையால் அளந்து, உண்மையிலேயே இடம் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு மட்டும் அதைத் தொடுவேன்.

நிரல் எழுதுகிற நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். "இடம் போதாது" என்று சொல்லும் பெட்டியில், எந்த வட்டை அளந்தீர்கள், எவ்வளவு இருப்பதாகக் கண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த ஆலையின் பெட்டியில் "இருப்பது: −1331 எம்.பி." என்று ஒரு வரி இருந்திருந்தால், கணக்குப்பிள்ளை அழிக்கும் விசையைத் தொட்டிருக்க மாட்டார். மைனஸில் இடம் இருக்காது என்பது நாள் முழுக்க எடை போடுகிற அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த 1 ஜி.பி. கோப்புக்கு 'அழிக்காதே' என்று பெயர் வைத்துவிட்டு வந்தேன். கணக்குப்பிள்ளை அதையே ஒரு தாளில் எழுதி, என் தொலைபேசி எண்ணோடு மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறார். அடுத்த அறுவடைக்குப் போனபோது மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 1,060 எம்.பி. இருந்தது. காப்புப் பிரதி கோப்புறையில் ஒரு நாளும் விடுபடவில்லை.